சின்ன நாய் வீட்டுக்கு வந்திருக்கா? முதலில் பொறையை நிறுத்துங்க

புதுசாகத் தத்தெடுத்த நாய்க்கு முதல் வாரத்தில் வயிறு கெடுவது பெரும்பாலும் நம் பாசத்தால்தான். எங்கள் பாப்பு சென்னை தண்டையார்பேட்டை வீட்டுக்கு வந்த அன்று எதிர்வீட்டு அக்கா பால் ஊற்றினார், கீழ்வீட்டுப் பையன் டீக்கடைப் பொறை போட்டான், அத்தை "எலும்பும் தோலுமா இருக்குதே" என்று பிரியாணியிலிருந்து ஒரு பீஸை எடுத்து வைத்தார். ராத்திரி 2 மணிக்கு வராந்தா முழுக்கக் கழிச்சல்.

அதனால் முன்பு என்ன சாப்பிட்டது என்று கொடுத்தவர்களிடம் கேட்டு, இரண்டு மூன்று நாள் அதையே போடுங்கள். அப்புறம் புது சாப்பாட்டைக் கால் பங்கு கலந்து, ஒரு வாரத்தில் மெதுவாக மாற்றிவிடலாம். வளர்ந்த நாய்க்கு இரண்டு வேளை, குட்டிக்கு மூன்று நான்கு வேளை. 5 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு மொத்தமே 300, 400 கலோரிதான் தேவை, அதில் ஆளுக்கொரு பிஸ்கட் போட்டால் என்ன மிச்சம்? ஒரே டம்ளரில் அளந்து போடுங்கள், கண்ணளவு வேண்டாம்.

வீட்டுச் சாப்பாடு என்றால் உப்பில்லாமல் வேகவைத்த கோழி, கொஞ்சம் சோறு, பூசணி அல்லது கேரட். காசிமேட்டு மீன் என்றால் வேகவைத்து முள்ளை விரலால் தடவித் தடவி எடுத்த பிறகுதான். கருவாடு கூடவே கூடாது, அத்தனை உப்பு. ஆனால் இதையே மாதக்கணக்கில் போட்டால் கால்சியம் போதாது, டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வெங்காயம், பூண்டு ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும் (சால்னா ஊற்றிய சோறும் இதில் சேர்த்தி), பாயசத்துத் திராட்சை கிட்னியைக் கெடுக்கும். சாக்லேட், வெந்த கோழி எலும்பு இரண்டும் ஆபத்து. காய்ச்சல் என்று பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள்.

முதல் நாள் சாப்பிடாமல் மூலையில் படுத்திருந்தால் விட்டுவிடுங்கள், பயம்தான். குட்டி அரை நாள் சாப்பிடவில்லை என்றால் மட்டும் காத்திருக்க வேண்டாம், சர்க்கரை இறங்கிவிடும், உடனே தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

நம்ம பக்கத்துக்கு வேப்பேரி கால்நடைக் கல்லூரி ஆஸ்பத்திரி கிட்டேதான், காலையிலேயே போய்விடுங்கள். பூச்சி மருந்து, தடுப்பூசி அட்டை இரண்டையும் முதல் வாரத்திலேயே முடியுங்கள். ரேபிஸ் ஊசி குட்டிக்கு 3 மாதத்தில், அப்புறம் டாக்டர் சொல்கிறபடி. கார்ப்பரேஷன் லைசென்ஸ் எடுக்கவும் அந்தச் சான்று கேட்பார்கள்.

உண்ணிதான் நம் ஊரில் பெரிய தலைவலி. தினமும் சாயங்காலம் காதின் உள்மடிப்பு, கழுத்துப் பட்டைக்குக் கீழே, விரல் இடுக்கு, மூன்றையும் பிரித்துப் பாருங்கள். ரத்தம் குடித்த உண்ணி சாம்பல் நிறத்தில் மொச்சைக்கொட்டை மாதிரி ஒட்டியிருக்கும். நசுக்காமல், தோலை ஒட்டி இடுக்கியால் பிடித்து நேராக இழுங்கள். சோர்ந்து படுத்து, ஈறு வெளுத்திருந்தால் அன்றே ரத்தப் பரிசோதனை.

வெயில் காலத்தில் காலை 7 மணிக்குள் நடக்க வைத்துவிடுங்கள், தார் ரோட்டில் உங்கள் புறங்கையை வைக்க முடியவில்லை என்றால் அதன் காலும் தாங்காது. கழுத்துப் பட்டையில் இழுக்காமல் மார்புப் பட்டை போடுங்கள், தெருநாய் வந்தால் சட்டென்று தூக்க அதுதான் வசதி.

கண்டதை ஊட்டக் கூடாது என்று சொன்னதில் அத்தைக்கு மட்டும் இன்னும் கோபம் தீரவில்லை. அதனால் பாப்புவின் அன்றைய பங்கிலிருந்தே பத்து உருண்டையை ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்துவிடுகிறேன், சாயங்காலம் முழுக்க ஒவ்வொன்றாக அவர்தான் ஊட்டுகிறார்.