சுகர் இருக்கா? ரெட்டினா போட்டோ எடுக்கப் போறதுக்கு முன்னாடி இத படிச்சிட்டுப் போங்க

கண்ணு நல்லாத்தான தெரியுது, பேப்பர் படிக்கறேன், டிவி பாக்கறேன், எனக்கு எதுக்கு கண் டெஸ்ட்னு சுகர் இருக்கற நிறைய பேர் கேக்கறாங்க. சிக்கலே அங்கதான். கண்ணுக்குள்ள பின்பக்கம் வெளிச்சத்த வாங்கற திரைதான் ரெட்டினா, அத சுகர் அரிக்க ஆரம்பிக்கறப்ப வலி இருக்காது, கண்ணு செவக்காது, மங்கலும் இருக்காது. அதோட நடுவுல கூர்மையா பாக்க உதவற இடமான மாகுலா வீங்கற வரைக்கும், இல்ல உள்ள ரத்தம் கசியற வரைக்கும் போர்டுல கடைசி வரிய கூட கடகடன்னு படிச்சிருவீங்க. அதனால கண்ணாடிக் கடைல பவர் செக் பண்ணிட்டு வந்து கண் செக்கப் முடிஞ்சுதுன்னு நினைக்காதீங்க, அது வேற இது வேற.

டைப் 2 சுகர்னா தெரிஞ்ச உடனே ஒரு தடவ போயிடணும், ஏன்னா கண்டுபிடிக்கறதுக்கு முன்னாடி எத்தன வருஷமா உள்ள இருந்துச்சோ யாருக்குத் தெரியும். டைப் 1னா தெரிஞ்சு 5 வருஷத்துக்குள்ள டெஸ்ட்ட ஆரம்பிக்கலாம். அப்புறம் வருஷா வருஷம், இல்ல டாக்டர் சொல்ற கணக்குல. ஏற்கனவே சுகர் இருக்கற பொண்ணுங்க கர்ப்பமானா முதல் 3 மாசத்துலயே காட்டிடுங்க, அந்த நேரத்துல ரெட்டினா சட்டுனு மோசமாகலாம்.

போறப்ப சுகர் ரிப்போர்ட், சாப்பிடற மாத்திரை லிஸ்ட், பழைய கண் ரிப்போர்ட் எல்லாம் எடுத்துக்கோங்க, கூட ஒரு ஆளையும். பைக்க வீட்லயே விட்டுடுங்க. கண்ணுல சொட்டு மருந்து விட்டா கொஞ்சம் எரியும், கண் பாப்பா விரிய அரை மணி நேரம் கிட்ட ஆகும், அதுக்கப்புறம் சில மணி நேரத்துக்கு போன்ல மெசேஜ் கூட படிக்க முடியாது, வெளில வந்தா வெயில் கண்ண குத்தும், ஒரு கூலிங் கிளாஸ் இருந்தா நல்லது. முன்னாடி கிளாகோமான்னு (கண் நரம்ப கெடுக்கற நோய், பெரும்பாலும் கண் பிரஷர் ஏறி வரும்) யாராவது சொல்லியிருந்தா சொட்டு விடறதுக்கு முன்னாடியே சொல்லிடுங்க.

மெஷின்ல தாடைய வச்சு நெத்திய பட்டைல நல்லா அழுத்திக்கணும், உள்ள தெரியற சின்ன லைட்டையே பாக்கணும், எடுக்கறேன்னு சொல்றப்ப ஒரு தடவ சிமிட்டிட்டு பெருசா திறங்க. பளிச்சுனு ஒரு ஃபிளாஷ், கொஞ்ச நேரத்துக்கு கலர் கலரா ஏதோ மிதக்கும், தானா போயிடும். சொட்டு விடாமயே எடுக்கற கேமராவும் இருக்கு, ஆனா கண்ணுல புரை இருந்தாலோ பாப்பா சின்னதா இருந்தாலோ படம் புகை மண்டிக் கிடக்கும். அப்படி வந்தா "பரவால்ல விடுங்க"ன்னு எந்திரிச்சு வந்துடாதீங்க, சொட்டு விட்டு பாக்கச் சொல்லுங்க.

படத்த காட்டச் சொல்லிக் கேளுங்க, கேக்கறதுல ஒன்னும் தப்பில்ல. ஆரஞ்சு கலர் பின்னணில மஞ்சளா வட்டமா இருக்கறது கண் நரம்பு, அதுலேர்ந்துதான் ரத்தக் குழாய்ங்க கிளை பிரியும், கொஞ்சம் தள்ளி இருட்டா இருக்கற இடம் மாகுலா. பொட்டுப் பொட்டா சிவப்பு தெரிஞ்சா குழாய் சுவர் புடைச்சிருக்கு, முதல் அறிகுறி பெரும்பாலும் அதுதான். பளிச்சுனு மஞ்சள் துகள் இருந்தா கொழுப்பு கசிஞ்சு தங்கியிருக்கு. பஞ்சு மாதிரி வெள்ளைத் திட்டு இருந்தா அந்த இடத்துக்கு ரத்தம் சரியா போகல. புதுசா மெல்லிசான குழாய் பின்னிக்கிட்டு முளைச்சிருந்தா அதான் ஆபத்து, அது உடைஞ்சு ரத்தம் கொட்டும், தள்ளிப் போடாம சிகிச்சைக்குப் போயிடணும்.

மாகுலா வீக்கம்னு சந்தேகம் வந்தா ஓசிடி எழுதுவாங்க. 1991ல வந்த டெக்னாலஜி, ரெட்டினாவ குறுக்கா வெட்டி வச்சுப் பாத்தா எப்படி இருக்கும்னு அடுக்கடுக்கா காட்டும், மைக்ரான் (மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு) கணக்குல தடிமன் அளக்கும். ஊசி கிடையாது, எக்ஸ்ரேயும் கிடையாது, வெறும் வெளிச்சந்தான். கைல சாயம் ஏத்தி கண்ணோட ரத்தக் குழாய்ங்கள படம் எடுக்கற ஆஞ்சியோ வேற, அதுக்கப்புறம் யூரின் மஞ்சளா போனா பயப்படாதீங்க, சாயம் வெளில வருது.

இப்ப இந்தப் படத்த பாத்து சுகர் பாதிப்பு இருக்கான்னு சொல்ற ஏஐ வேற வந்துடுச்சு. 2016ல கூகுள் ஆளுங்க வெளியிட்ட ஆராய்ச்சில மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா படங்களும் இருந்துச்சு, 2018ல அமெரிக்கால மருந்து, மருத்துவக் கருவிக்கு அனுமதி குடுக்கற எஃப்டிஏ அந்த மாதிரி ஒரு ஏஐ மெஷினுக்கு பர்மிஷனே குடுத்துடுச்சு. கண் டாக்டர் இல்லாத ஊர்ல இது நல்ல விஷயம், நான் ஒத்துக்கறேன். ஆனா அந்த மாதிரி மெஷின் சொல்ற "நார்மல்" சுகர் பாதிப்புக்கு மட்டுந்தான். கிளாகோமாவுக்கு பிரஷர் பாக்கணும், பக்கவாட்டுல எவ்வளவு தூரம் தெரியுதுன்னு பாக்கற ஃபீல்டு டெஸ்ட் பண்ணணும். அதுவும் சாதாரண கேமரா 45 டிகிரிதான் பிடிக்கும், ஓரத்துல கிழிசல் இருந்தா தெரியாது. திடீர்னு கண்ணுக்குள்ள கருப்புப் புள்ளி நிறைய மிதந்தாலோ, மின்னல் அடிச்சாலோ, திரை விழுந்த மாதிரி இருந்தாலோ போட்டோ அப்பாயின்ட்மென்ட்டுக்கு காத்திருக்காம அன்னிக்கே டாக்டர்கிட்ட ஓடுங்க.

கிளம்பறதுக்கு முன்னாடி படத்தோட சாஃப்ட் காப்பி வாங்கிடுங்க, பிரிண்ட்ல பாதி விவரம் தெரியாது. போன வருஷப் படத்த பக்கத்துல வச்சுப் பாத்தாதான் புதுசா எந்தப் பொட்டு வந்திருக்குன்னு டாக்டராலயே உறுதியா சொல்ல முடியும். படத்துல ஓடின்னு (OD) போட்டிருந்தா வலது கண், ஓஎஸ்னா (OS) இடது, தேதியோட சேத்து வீட்ல இன்னொருத்தர் போன்லயும் அனுப்பி வச்சிடுங்க.