ஒரே நாளுக்கு மூன்று தேதி: 18ஆம் நூற்றாண்டு முன்னோரைப் பழைய ஆவணங்களில் தேடுவது எப்படி?

குடும்ப வரலாறு தேடத் தொடங்குபவர்களுக்கு முதல் ஆவணம் கிடைத்ததும் தலைகால் புரியாது. இரண்டாவது கிடைத்ததும் தலை சுற்றும். முதலாவதில் ஒரு வயது, இரண்டாவதில் வேறு வயது. ஒன்றில் அப்பா பெயர் சவரிமுத்து, இன்னொன்றில் அந்தோணி. பெரும்பாலானோர் இந்த இடத்தில், மனசுக்குப் பிடித்த தாளை வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடுகிறார்கள்.

தள்ளாமல் என்ன செய்யலாம் என்பதற்குத்தான் இந்த விளக்கம். சென்னையிலிருந்து காரைக்கால் வரையிலான கடற்கரையை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். அங்கே ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர், டேனிஷ்காரர், டச்சுக்காரர் என்று ஆளாளுக்குக் கணக்கு எழுதினார்கள். நம் ஆட்கள் ஓலையிலும் பத்திரத்திலும் தனியாக எழுதினார்கள். முரண்பாட்டுக்குப் பஞ்சமே இல்லை.

படி 1: கேள்வியைச் சின்னதாக்குங்கள்

"எங்கள் வம்சம் எங்கிருந்து வந்தது?" என்று கேட்டால் எந்த ஆவணக் காப்பகத்திலும் பதில் கிடைக்காது. "1788இல் அடக்கம் செய்யப்பட்ட ராயப்பனின் அப்பா யார்?" என்று கேளுங்கள். ஒரு ஆள், ஒரு கேள்வி. அது முடிந்த பிறகு அடுத்தது.

தெரிந்த தலைமுறையிலிருந்து பின்னோக்கித்தான் போகவேண்டும். பெயர் பெற்ற ஒரு பாளையக்காரரையோ துபாஷியையோ (ஐரோப்பியருக்கு மொழிபெயர்ப்பாளராகவும் தரகராகவும் இருந்தவர்) பிடித்துக்கொண்டு அங்கிருந்து நம் வீட்டுக்கு இறங்கி வரக்கூடாது. அப்படி இறங்கினால் எல்லாக் குடும்பமும் அரண்மனையில்தான் போய் முட்டும்.

வீட்டில் இருப்பதை முதலில் திரட்டுங்கள்: கிரயப் பத்திரங்கள், ஜாதகக் கட்டு, பட்டா, குலதெய்வக் கோயிலில் வரி கொடுக்கும் பங்காளிகளின் பட்டியல். திவசத் திதியையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். "ஆடி அமாவாசைக்கு முந்தின திரயோதசி" என்று பாட்டிகள் நினைவில் வைத்திருப்பார்கள். அதில் ஆண்டு இருக்காது. ஆனால் வேறு தாளில் ஒரு ஆண்டு கிடைக்கும்போது, அது சரியா என்று பார்க்க இந்தத் திதி உதவும்.

படி 2: எங்கே தேடுவது?

கிறிஸ்தவக் குடும்பமென்றால் பங்கு ஆலயப் பதிவேடுகள்தான் தொடக்கம்: ஞானஸ்நானம், திருமணம், அடக்கம். பிரெஞ்சுப் பகுதிகளுக்கு, 1776இல் வந்த அரசாணைப்படி பதிவேடுகளின் நகல்கள் பிரான்சுக்குப் போயின. அவை இப்போது எக்ஸ்-ஆன்-புரோவான்ஸில் உள்ள கடல்கடந்த பகுதிகளின் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அதன் இணையதளத்தில் வீட்டிலிருந்தே பார்க்கலாம். தரங்கம்பாடி லுத்தரன் சபையார் என்றால், 1706இல் சீகன்பால்கு வந்திறங்கியதிலிருந்து மிஷனரிகள் எழுதிக் குவித்ததெல்லாம் ஜெர்மனியின் ஹாலே நகரில் பத்திரமாக இருக்கிறது. ஆங்கிலேயர் வைத்திருந்த சென்னைத் திருச்சபைப் பதிவுகளின் நகல்கள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில், என்/2 என்ற வரிசையில். அவற்றில் பெரும்பாலும் ஐரோப்பியரும் ஆங்கிலோ-இந்தியரும்தான்.

இந்துக் குடும்பத்துக்கு இப்படி ஒரு பதிவேடு கிடையாது. நிலம், வழக்கு, வியாபாரம் இந்த மூன்றின் வழியாகத்தான் போகவேண்டும். எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் புனித ஜார்ஜ் கோட்டைப் பதிவுகள் 17ஆம் நூற்றாண்டிலிருந்தே உண்டு. முன்கூட்டி விண்ணப்பித்து அனுமதி வாங்கிக்கொண்டு போங்கள். மானிய நிலம் இருந்த குடும்பமா? 1858க்குப் பிறகு, மானிய நிலங்களை விசாரித்த இனாம் கமிஷன் தயாரித்த பதிவேடுகளைத் தேடுங்கள். மானியத்தை முதலில் கொடுத்தவர் யார், வாங்கியவர் யார் என்று அதில் எழுதியிருப்பார்கள். 19ஆம் நூற்றாண்டிலிருந்து 18க்குத் தாண்ட இதைவிட நல்ல பாலம் இல்லை.

ஒன்றைக் கவனியுங்கள். இந்துக் குடும்பமென்று தேவாலயப் பதிவேட்டை அடியோடு ஒதுக்கிவிடாதீர்கள். நாட்குறிப்பால் புகழ்பெற்ற புதுச்சேரி துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளையின் தந்தைக்கு மைத்துனர் நைனியப்பப் பிள்ளை. அவருடைய மகன் குருவப்பப் பிள்ளை பிரான்சுக்குப் போய் ஞானஸ்நானம் பெற்று வந்தவர். ஒரே குடும்பம், இரண்டு வகை ஆவணம்.

படி 3: உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்

ஆவணத்தில் பெயர் தப்பாக இருந்தால் தப்பாகவே பிரதி எடுங்கள். திருத்தத்தைப் பக்கத்தில் தனியாக எழுதுங்கள். ஒவ்வொரு தகவலுக்கும் மூன்று விஷயங்களைச் சேர்த்துக் குறியுங்கள்: எழுத்தருக்கு இதைச் சொன்னவர் யார், சம்பவம் நடந்து எவ்வளவு காலம் கழித்து எழுதப்பட்டது, எதற்காக எழுதப்பட்டது. கடைசியில் முடிவெடுக்க உதவப்போவது இந்த மூன்றும்தான்.

படி 4: தேதிகளை ஒரே அளவுக்குக் கொண்டுவாருங்கள்

இதைச் செய்யாமல் "இரண்டு ஆவணமும் மோதுகிறது" என்று சொல்லவே கூடாது. பாதி மோதல்கள் இந்தப் படியிலேயே காணாமல் போய்விடும்.

இன்று நாம் பயன்படுத்தும் கிரிகோரியன் நாட்காட்டியைப் பிரெஞ்சுக்காரர்கள் 1582லிருந்தே பின்பற்றினார்கள். டேனிஷ்காரர்கள் 1700இல் மாறினார்கள். ஆங்கிலேயர் 1752 செப்டம்பர் வரை பழைய ஜூலியன் நாட்காட்டியை விடவில்லை. அதனால் 1700லிருந்து 1752 வரை சென்னைக்கும் புதுச்சேரிக்கும் 11 நாள் வித்தியாசம். 1746இல் சென்னைக் கோட்டை பிரெஞ்சுக்காரர் வசமானது. ஆங்கிலேயர் கணக்கில் அது செப்டம்பர் 10, பிரெஞ்சுக் கணக்கில் செப்டம்பர் 21. இரண்டும் அதே புதன்கிழமைதான்.

இதைவிட மோசமான ஒன்று உண்டு. ஆங்கிலேயரின் சட்டப்படியான ஆண்டு அப்போது மார்ச் 25இல்தான் பிறந்தது. ஜனவரி, பிப்ரவரி, மார்ச் 24 வரை முந்தைய ஆண்டிலேயே சேரும். சில எழுத்தர்கள் குழப்பம் வேண்டாம் என்று "1708/9" என இரட்டையாக எழுதினார்கள். எல்லோரும் அப்படிச் செய்யவில்லை.

ஆனந்தரங்கப் பிள்ளையையே எடுத்துக்கொள்ளுங்கள். அவர் சென்னைப் பெரம்பூரில் பிறந்தவர். பிறந்த நாள் 1709 மார்ச் 30, சனிக்கிழமை என்று சொல்வார்கள். அதே நாளைச் சென்னையில் ஓர் ஆங்கிலேய எழுத்தர் குறித்திருந்தால் 1708 மார்ச் 19 என்று எழுதியிருப்பார். தமிழில் எழுதினால் சர்வதாரி வருஷம் பங்குனி மாதம். பிற்காலத்தில் ஒருவர் "சர்வதாரி என்றால் 1708" என்று அவசரமாக மாற்றினால் 1708 மார்ச் என்று ஆகிவிடும். மூன்று தாளும் மூன்று விதமாகத் தெரியும், ஆனால் நாள் ஒன்று. மூன்றிலும் மாறாதது சனிக்கிழமை. எந்த ஆவணத்திலும் கிழமை இருந்தால் விடாதீர்கள். நாட்காட்டி மாறினாலும் கிழமை மாறாது.

தமிழ் ஆண்டுகளில் பெரிய சிக்கல் 60 ஆண்டுச் சுழற்சி. பிரபவ வருஷம் 1687, 1747, 1807 மூன்றிலும் பிறக்கிறது. "பிரபவ வருஷம் தை மாதம்" என்று மட்டும் இருந்தால் அது தாத்தாவா பேரனா என்றே தெரியாது. பெரும்பாலான பத்திரங்களில் கூடவே சகாப்தமோ (சக ஆண்டு, சுருக்கமாகச் சகம்) கலியுக ஆண்டோ இருக்கும். சகாப்தத்தோடு 78 கூட்டுங்கள், கலி ஆண்டிலிருந்து 3101 கழியுங்கள். நெல்லை, குமரிப் பக்கம் என்றால் கொல்லம் ஆண்டு, 825 கூட்டவேண்டும். வரிக் கணக்குக்கான பசலி ஆண்டு என்றால் 590. இவையெல்லாம் சுமாரான கணக்கு. மாதத்தைப் பொறுத்து ஒன்று கூடவோ குறையவோ செய்யும். இன்னொன்று: 18ஆம் நூற்றாண்டின் நடுவில் சித்திரை 1 என்பது ஏப்ரல் 9, 10 வாக்கில் வந்தது. இன்றைய ஏப்ரல் 14ஐ வைத்துக் கணக்குப் போட்டால் நான்கைந்து நாள் தவறும்.

எண் எழுத்தும் ஏமாற்றும். ஓர் ஓலையில் ௲௬௱௭௰௧ என்று இருக்கிறது. அது 1671. தேய்ந்த ஓலையில் ௧, ௪ இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். 1674 என்று ஒருவர் படித்துவிடுவார். பக்கத்தில் "சுக்ல வருஷம்" என்று இருந்தால் பிரச்சினை தீர்ந்தது. சகம் 1671 என்றால் 1749, அது சுக்ல. சகம் 1674 என்றால் 1752, அது ஆங்கீரச. எண்ணும் வருஷப் பெயரும் ஓராண்டு மட்டும் தள்ளி இருந்தால் நான் வருஷப் பெயரைத்தான் நம்புவேன். எழுதியவர் வாயில் தினமும் புழங்கியது அந்தப் பெயர். பல ஆண்டுகள் தள்ளி இருந்தால், அது பிற்காலத்தில் தயாரித்த பத்திரமோ என்று சந்தேகப்படலாம்.

திதி, கிழமை, நட்சத்திரம் எல்லாம் இருந்தால் எல்.டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை தயாரித்த பஞ்சாங்க அட்டவணைகளைப் பாருங்கள். கி.பி. 700 முதல் 1799 வரை நாள்வாரியாகக் கணித்து வைத்திருக்கிறார். 18ஆம் நூற்றாண்டு தேடுபவருக்கு இது வரப்பிரசாதம்.

படி 5: பெயரைப் பல வடிவத்தில் தேடுங்கள்

ராயப்பன் என்று வீட்டில் அழைத்தவரைப் பாதிரியார் லத்தீனில் பேத்ருஸ் என்றும், பிரெஞ்சில் பியேர் என்றும் எழுதியிருப்பார். சின்னப்பன் பவுல் ஆவார், அருளப்பன் ஜான் ஆவார். மதம் மாறியவருக்கு இரண்டு பெயர். தரங்கம்பாடியில் 1733இல் குருப்பட்டம் பெற்ற ஆரோன், கடலூரில் பிறந்தபோது ஆறுமுகம். தேடுபொறியில் ஒரே எழுத்துக்கூட்டலை மட்டும் போட்டுப் பார்த்துவிட்டு "இல்லை" என்று முடிவுகட்ட வேண்டாம்.

பெயர் ஒன்றாக இருப்பது ஆள் ஒன்று என்பதற்குச் சான்றும் இல்லை. ஆனந்தரங்கரின் தந்தை பெயர் திருவேங்கடம், தம்பி பெயரும் திருவேங்கடம்.

படி 6: வயதையும் உறவுமுறையையும் அப்படியே நம்பாதீர்கள்

50, 60, 70 என்று முழு எண்ணாக வரும் வயதுகள் குத்துமதிப்பு. அதிலிருந்து பிறந்த ஆண்டைக் கணக்கிட்டால் முன்னும் பின்னும் ஐந்து ஆண்டு விட்டுக்கொடுங்கள். இறந்தவர் வயதை அவர் சொல்லவில்லை, பக்கத்தில் நின்றவர் சொன்னார்.

சித்தப்பா மகனும் நமக்குத் தம்பிதான். ஆனால் எழுத்தர் அதைக் கேட்டு உடன்பிறந்தவன் என்று எழுதிவிடுவார். அக்காள் மகனுக்கே பெண் கொடுக்கும் வழக்கத்தில், மருமகன் என்ற ஒரே சொல்லை அவர் ஓரிடத்தில் அக்காள் மகன் என்றும் வேறிடத்தில் மகளின் கணவர் என்றும் எழுதியிருப்பார். இரண்டும் சரியாகவே இருக்கலாம். கத்தோலிக்கத் திருமணப் பதிவில் இரத்த உறவுக்காக விலக்கு அளித்ததாக ஒரு வரி இருந்தால் விடாதீர்கள். எத்தனையாவது தலைமுறையில் உறவு என்பது அதில் தெரிந்துவிடும்.

படி 7: மோதும் தகவலை எடை போடுங்கள்

விளக்கத்துக்காக நானே உருவாக்கிய ஒரு குடும்பம் இது. புதுச்சேரிப் பக்கம். நான்கு தாள்கள்:

1749, திருமணப் பதிவு: ராயப்பன், வயது 25, தகப்பன் சவரிமுத்து.
1788, அடக்கப் பதிவு: ராயப்பன், வயது சுமார் 60.
1790, கிரயப் பத்திரம்: சவரிமுத்து மகன் ராயப்பன் ஒரு நஞ்சையை விற்கிறார்.
1860களில் சொத்து வழக்கில் கொடுத்த வம்சாவளி: சவரிமுத்து, அவர் மகன் ராயப்பன், அவர் மகன் அந்தோணி.

வயது வித்தியாசம் பெரிய விஷயமில்லை. முதல் தாளின்படி பிறப்பு 1724, இரண்டாவதின்படி 1728. திருமணத்தில் அவரே நின்றார், அடக்கத்தில் வேறு யாரோ சொன்னார். 1724ஐ ஒட்டி என்று வைத்துக்கொள்ளலாம்.

உண்மையான மோதல் 1788இல் அடக்கமானவர் 1790இல் நிலம் விற்றது. பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைக்கும் நம் வழக்கத்தை இங்கே நினைத்துப் பாருங்கள். முதல் ராயப்பன் தன் மூத்த மகனுக்குத் தகப்பன் பெயரான சவரிமுத்துவை வைத்திருப்பார். அந்தச் சவரிமுத்து தன் மகனுக்கு ராயப்பன் என்று வைத்திருப்பார். 1749இல் திருமணம், 1750 வாக்கில் மகன், 1770 வாக்கில் பேரன். 1790இல் பேரனுக்கு இருபது வயது. "சவரிமுத்து மகன் ராயப்பன்" என்ற வரி பாட்டனுக்கும் பொருந்துகிறது, பேரனுக்கும் பொருந்துகிறது.

இது இன்னும் ஊகம்தான். சரிபார்க்க மூன்று இடங்கள் உண்டு. 1768லிருந்து 1772 வரையிலான ஞானஸ்நானப் பதிவில் சவரிமுத்துவுக்கு ராயப்பன் என்ற மகன் இருக்கிறானா, ஞானத்தாய் தந்தை யார் என்று பாருங்கள். கிரயப் பத்திரத்தில் நிலம் எப்படி வந்தது என்ற வாசகத்தைப் படியுங்கள்: "என் பாட்டனார் கிரயத்துக்கு வாங்கி" என்று இருந்தால் கதை முடிந்தது. நான்கெல்லையில் வரும் பெயர்களையும் சாட்சிகளையும் எடுத்துக்கொண்டு, பழைய பத்திரங்களில் அதே நிலத்தைத் தேடுங்கள். ஆளைவிட நிலம் நல்ல சாட்சி, அது இடம் மாறாது.

அப்படியானால் 1860களின் வம்சாவளி? பங்கு கேட்டு வந்தவர் கொடுத்தது அது. தனக்குப் பாத்தியதை உண்டு என்று நிரூபிக்கத் தேவையான தலைமுறைகளை மட்டும் சொல்லியிருப்பார், இரண்டு ராயப்பன்கள் ஒன்றாகியிருப்பார்கள். பொய் என்று தூக்கிப் போடவேண்டாம். அந்தோணி அவருக்குத் தாத்தாவோ அப்பாவோ ஆக இருந்தால், அந்தப் பகுதி நம்பத்தக்கதே. நேரில் தெரிந்த ஆளைப் பற்றிச் சொல்கிறார். நூறு ஆண்டுக்கு முந்தைய பகுதிக்குத்தான் வேறு சான்று வேண்டும்.

இணையத்தில் கிடைக்கும் குடும்ப மரங்களை இந்தத் தராசில் வைக்கவே வேண்டாம். பத்து மரம் ஒரே தேதியைச் சொன்னால், ஒருவர் போட்டதை ஒன்பது பேர் நகலெடுத்திருக்கிறார்கள் என்றுதான் பெரும்பாலும் அர்த்தம்.

படி 8: முடிவைக் காரணத்தோடு எழுதிவையுங்கள்

அரைப் பக்கம் போதும். எந்தத் தாள் என்ன சொன்னது, எதை ஏன் ஏற்றீர்கள், எதை ஏன் தள்ளினீர்கள். பக்கத்தில் "உறுதி", "அநேகமாக", "ஊகம்" இதில் ஒன்றைக் குறியுங்கள். தேடியும் கிடைக்காத இடங்களையும் எழுதுங்கள். புதுச்சேரியில் 1761க்கும் 1765க்கும் நடுவே எதுவும் கிடைக்காவிட்டால் ஆச்சரியப்பட வேண்டாம். 1761 ஜனவரியில் ஊர் ஆங்கிலேயரிடம் விழுந்தது, பிறகு இடித்துத் தரைமட்டமாக்கினார்கள், 1765இல்தான் பிரெஞ்சுக்காரருக்குத் திரும்பக் கிடைத்தது. அந்த ஆண்டுகளுக்கான குடும்பத் தகவலைக் காரைக்கால், தரங்கம்பாடிப் பதிவேடுகளில் தேடிப்பாருங்கள். அங்கும் இல்லையென்றால் அவருடைய அண்ணன் தம்பி, மைத்துனர், ஞானப்பிள்ளைகள் பெயரில் ஆளுக்கொரு தாள் போட்டு, படி 1லிருந்து ஆரம்பியுங்கள்.