கடுகைப் படமெடுக்கும் முன்

கடுகு பெரிதாகத் தெரிய வேண்டும் என்று கைபேசியை அதன்மேல் கவிழ்க்காத குறையாகக் கொண்டுபோகிறோம். முதல் தவறு அங்கேதான். பல கைபேசிகளின் முதன்மை லென்ஸ் பத்துப் பதினைந்து சென்டிமீட்டருக்குள் போனால் ஃபோகஸ் ஆவதில்லை. மேக்ரோ வசதி, அதாவது மிக நெருக்கத்தில் எடுக்கும் வசதி, இல்லையென்றால் ஒரு சாண் தள்ளி நின்று எடுத்து, தேவையான பகுதியை வெட்டிக்கொள்ளுங்கள். கைபேசியின் நிழலும் பொருள்மேல் விழாது.

என்னைக் கேட்டால், துடைக்காமல் எடுப்பதுதான் பெரிய தவறு. பளபளவென்று புளி போட்டுத் தேய்த்த குத்துவிளக்கை ஒருமுறை நெருக்கத்தில் எடுத்தேன். திரையில் பார்த்தால் இடுக்கெல்லாம் காய்ந்த புளியின் வெள்ளைப் பொருக்கு, தண்டில் என் கட்டைவிரல் ரேகை. கண் மன்னித்துவிடுவதை லென்ஸ் மன்னிக்காது. இப்போது பழைய பருத்தி வேட்டித் துண்டும் சிறு பெயின்ட் பிரஷும் இல்லாமல் நான் தொடங்குவதில்லை. சமையலறையில் புழங்கும் கைபேசி லென்ஸில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும், அதையும் துடைத்துவிடுங்கள்.

தனி கேமராவும் மேக்ரோ லென்ஸும் வைத்திருப்பவர்கள் சறுக்குவது கூர்மையின் ஆழத்தில். முழு அளவு சென்சாரில் (பழைய 35 மி.மீ. ஃபிலிம் சட்டத்தின் அளவே உள்ள, ஒளியைப் பதியும் சில்லு), பொருளின் உண்மை அளவிலேயே பிம்பம் விழும்படி நெருங்கினால், எஃப் 8 துளையில் (எஃப் எண் கூடக் கூட லென்ஸின் துளை சுருங்கும்) தெளிவாக வருவது ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் ஆழம்தான். ஒரு கடுகின் பருமனுக்குள் அது முடிந்துவிடும். சரி, எஃப் 22 வைப்போம் என்று துளையைச் சுருக்கினால், பள்ளியில் படித்த விளிம்பு விளைவு (சிறு துளையில் ஒளி வளைந்து பரவுவது) குறுக்கே வந்து படம் முழுவதையும் மழுங்கடிக்கும். எஃப் 8, எஃப் 11 அளவில் நின்றுகொண்டு, கேமராவை இம்மி இம்மியாக நகர்த்திப் பல படங்கள் எடுத்துக் கணினியில் ஒன்றுசேர்ப்பதே நல்ல வழி. அது முடியாதபோது தீக்குச்சியையோ சீப்பையோ லென்ஸின் முகப்புக்கு நேர் இணையாகக் கிடத்துங்கள். உள்ள 1 மில்லிமீட்டர் பொருளின் நீளம் முழுக்கப் பயன்படும்.

ஃபிளாஷ் வேண்டாம். ஜன்னலோரம் போதும், ஆனால் டியூப்லைட்டை அணைத்துவிடுங்கள். இரண்டு வெளிச்சமும் கலந்தால் ஒரு பக்கம் நீலம், மறுபக்கம் வேறு சாயல் என்று நிறம் கெடும்.

எவர்சில்வர் டம்ளர் மட்டும் தனி வித்தை. வளைந்த கண்ணாடி அது. எடுப்பவர், ஜன்னல் கம்பி, கொடியில் காயும் துணி எல்லாம் அதில் தெரியும். டம்ளரைத் திருப்பிப் பயனில்லை, எந்தப் பக்கமும் அதே வளைவுதானே. அது பார்க்கும் உலகத்தைத்தான் மாற்ற வேண்டும். இரு பக்கமும் வெள்ளைச் சார்ட் அட்டையை நிறுத்துங்கள். முன்னால் இன்னொரு அட்டையில் லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்டு அதன் வழியே எடுங்கள். அப்போது விளிம்பில் ஒரு மெல்லிய கருங்கோடு விழும்படி கறுப்புத் தாளை ஓரமாக நகர்த்திப் பாருங்கள், டம்ளருக்கு வடிவம் வந்துவிடும்.

கடைசியாக, படம் அசைந்து மங்காமலிருக்க, கேமராவை ஓரிடத்தில் ஊன்றி, மின்விசிறியை நிறுத்திவிட்டு, 2 விநாடி டைமர் வைத்துக் கையை எடுத்துவிடுங்கள்.