பொருளியல் படிக்க எங்கே போகலாம்? சுங்கை சிப்புட் டீச்சர் சொல்வது

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட்டில், பல்கலைக்கழகத்துக்கு முந்திய ஆறாம் படிவத்துக்குப் பொருளியல் சொல்லிக் கொடுக்கிறேன். ஆறாம் படிவ இறுதித் தேர்வான எஸ்டிபிஎம் முடிவு வந்ததும் பிள்ளைகள் கேட்பது, "டீச்சர், எக்கனாமிக்ஸுக்கு எந்த யுனி நல்லது?" பெயரை அப்புறம் பார்க்கலாம், முதலில் பாடப்பட்டியலைத் திறங்கள் என்பேன்.

பல்கலைக்கழக இணையத்தளத்தில் அது இருக்கும். அச்செடுத்து, பென்சிலோடு உட்காருங்கள். நுண்பொருளியலும் (தனி ஆள், நிறுவனம், சந்தை பற்றியது) பேரினப் பொருளியலும் (நாட்டுப் பொருளாதாரம் முழுவதையும் பற்றியது) அறிமுகப் பாடத்தோடு நிற்காமல் இரண்டாம் ஆண்டிலும் தொடர்கின்றனவா? கணிதம், புள்ளியியல், எக்கனாமெட்ரிக்ஸ் (புள்ளியியலைக் கொண்டு பொருளியல் தரவுகளை ஆராயும் பாடம்) மூன்றும் கட்டாயப் பாடமா? ஒவ்வொன்றுக்கும் கோடு போடுங்கள். கோடு குறைவாகவும் மார்க்கெட்டிங், மனிதவள நிர்வாகம் போன்றவை நிறையவும் இருந்தால் அது வணிகப் படிப்பு. அதில் குறையில்லை, ஆனால் நீங்கள் தேடியது அதுவல்ல. கணக்குக்குப் பயந்து பொருளியலுக்கு வரும் பிள்ளைகள் எக்கனாமெட்ரிக்ஸில்தான் திணறுகிறார்கள். அதனால் விடுமுறையிலேயே வகையீட்டை (டிஃபரென்ஷியேஷன்) பழகிவிடுங்கள்.

அடுத்து விருப்பப் பாடங்கள். இதில் எனக்கு ஆசை அதிகம். பெரிய ரப்பர் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட காலத்தில், அன்று அமைச்சராக இருந்த எங்கள் ஊர்க்காரர் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் மாதம் பத்து வெள்ளியாக (அன்றைய மலாயா டாலர்) கட்டிய பணத்தில் தோட்டங்கள் வாங்கப்பட்டன. செம்பனை (எண்ணெய்ப் பனை) விலை ஏறும்போது குலை வெட்டுபவரின் கூலி ஏன் அதே வேகத்தில் ஏறுவதில்லை? இந்தக் கேள்வியோடு வளர்ந்த பிள்ளைக்கு உழைப்புப் பொருளியல், வேளாண் பொருளியல், வளர்ச்சிப் பொருளியல் இருக்கிற இடம் வேண்டும். செர்டாங்கில் உள்ள புத்ரா பல்கலைக்கழகம் 1931இல் வேளாண்மைப் பள்ளியாகத் தொடங்கியது. அதன் பட்டியலை அவசியம் பாருங்கள். மலாயாப் பல்கலைக்கழகத்தில் துணைவேந்தராக இருந்த உங்கு அஜீஸ், ஒரு வீட்டில் ஆளுக்கு எத்தனை சாரோங் (கைலி) என்று எண்ணிக் கிராம வறுமையை அளந்த பொருளியலாளர். நம் பிள்ளைகள் அப்படிப்பட்ட பொருளியலைப் படிக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

பணத்துக்கு வருவோம். கட்டணத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். அறை வாடகை, சாப்பாடு, ஊருக்கு வந்துபோகும் செலவு, மடிக்கணினி எல்லாவற்றையும் படிப்பு முடியும்வரைக்கும் கூட்டுங்கள். ஈப்போவைத் தாண்டினால் கம்பார். அங்குள்ள யூடார் (துங்கு அப்துல் ரகுமான் பல்கலைக்கழகம்) தனியார்தான், கட்டணம் கூடுதல். ஆனால் வார இறுதியில் ரயிலேறி வீட்டுக்கு வந்துவிடலாம். கெடா மாநிலத்துச் சிந்தோக்கில் இருக்கும் உத்தாரா பல்கலைக்கழகம் அரசாங்கத்துடையது, கட்டணம் குறைவு, வீடு தூரம். இரண்டையும் ஒரே தாளில் எழுதிப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். பிடிபிடிஎன் என்ற அரசாங்கக் கல்விக் கடனை நம்பிப் போகிறவர்கள், அந்தப் படிப்பு எம்கியூஏ (படிப்புகளுக்குத் தர அங்கீகாரம் தரும் அரசு அமைப்பு) பதிவேட்டில் இருக்கிறதா என்று பணம் கட்டுவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். பதிவில்லாத படிப்புக்குக் கடன் கிடைக்காது. கடன் கிடைத்தாலும் முதல் தவணை கைக்கு வரச் சில வாரங்கள் ஆகும். அதுவரை சமாளிக்கப் பணம் எடுத்து வையுங்கள்.

அரசாங்கப் பல்கலைக்கழகங்களுக்கான யூபியூ விண்ணப்பத்தில் 90 விழுக்காடு தேர்வுப் புள்ளி, 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கை. சாரணர், கபடி, தமிழ் மொழிக் கழகம் என்று எதில் இருந்தாலும் சான்றிதழ்களைத் தொலைத்துவிடாதீர்கள். முயூட் என்ற ஆங்கிலத் தேர்வை எழுதாமல் விடவும் கூடாது.

பட்டியலை இறுதி செய்வதற்கு முன், அங்கே இப்போது படிக்கும் நம்மூர் அக்காவையோ அண்ணனையோ கூப்பிட்டுப் பேசுங்கள். எக்கனாமெட்ரிக்ஸ் பாடத்தில் டுடோரியல் வகுப்பு ஒழுங்காக நடக்கிறதா, புரியவில்லை என்றால் விரிவுரையாளரைப் போய்ப் பார்க்க முடிகிறதா என்று கேளுங்கள்.