புதுக்குடியிருப்பு எந்த மாகாணம்? டைமென்ஷனில் அட்ரிபியூட் உறவுகளை அமைக்கும் முறை

கொழும்பு புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபாரக் கடை என்று வைத்துக்கொள்வோம். சரக்கு நாடு முழுக்கப் போகிறது. மாகாண வாரியாக விற்பனை எவ்வளவு என்று முதலாளி கேட்கிறார். அதற்காக எஸ்கியூஎல் சர்வர் அனாலிசிஸ் சர்விசஸில் (மைக்ரோசாஃப்டின் தரவுப் பகுப்பாய்வு மென்பொருள்) வாடிக்கையாளர் டைமென்ஷன் ஒன்றைக் கட்டுகிறோம். விற்பனையை எந்தக் கோணத்தில் பிரித்துப் பார்க்கிறோமோ அதுதான் டைமென்ஷன். அதிலுள்ள ஊர், மாவட்டம் போன்ற ஒவ்வொரு விவரமும் ஒரு அட்ரிபியூட்.

படி 1: ஹைரார்க்கி (படிநிலை) பகுதியில் மாகாணம், மாவட்டம், ஊர், வாடிக்கையாளர் என மேலிருந்து கீழாக அடுக்குங்கள். உடனே ஒரு எச்சரிக்கைக் குறி தெரியும். காரணம் இருக்கிறது. நீங்கள் அடுக்கியது பார்ப்பவரின் வசதிக்கு மட்டும்தான். எதற்குள் எது அடங்கும் என்பது என்ஜினுக்கு (கணக்குப் போடும் மென்பொருளுக்கு) இன்னும் தெரியாது. இப்போதைக்கு எல்லா அட்ரிபியூட்டும் கீயான (ஒவ்வொன்றையும் தனித்து அடையாளம் காட்டும்) வாடிக்கையாளரோடு நேராக ஒட்டியிருக்கின்றன. மாவட்டக் கூட்டுத்தொகை தயாராக இருந்தாலும், அதை வைத்து மாகாணக் கணக்கைப் போட என்ஜினால் முடியாது.

படி 2: அட்ரிபியூட்டுகளுக்கு இடையே உறவுக் கோடு இழுக்கும் முன் கீயைச் சரிபாருங்கள். நான் அதிக நேரம் செலவிடுவது இங்கேதான். புதுக்குடியிருப்பு வட மாகாணத்து முல்லைத்தீவிலும் உண்டு, கிழக்கு மாகாணத்து மட்டக்களப்பிலும் உண்டு. ஊர்ப் பெயரை மட்டும் கீயாக வைத்தால் இரண்டும் ஒன்றாகிவிடும். பிழை வந்தால் நிறுத்தும்படி அமைத்திருந்தால் ப்ரொசஸ் (தரவை ஏற்றித் தயார்செய்யும் வேலை) நின்றுவிடும், அது நல்லது. பிழையைக் கண்டுகொள்ளாமல் விடும்படி அமைத்திருந்தால், முல்லைத்தீவு விற்பனை சத்தமில்லாமல் கிழக்கு மாகாணத்தில் போய்ச் சேரலாம். ஆகவே ஊரின் கீகொலம்ஸில் (கீயாகும் பத்திகள்) மாவட்டக் குறியீடு, ஊர்ப் பெயர் இரண்டையும் போடுங்கள். நேம்கொலமில் (திரையில் தெரியும் பெயர்) ஊர்ப் பெயர் மட்டும் போதும்.

படி 3: அட்ரிபியூட் ரிலேஷன்ஷிப்ஸ் பகுதிக்குப் போய், ஊரைப் பிடித்து மாவட்டத்தின் மேல் விடுங்கள். அப்புறம் மாவட்டத்தை மாகாணத்தின் மேல். வாடிக்கையாளரிலிருந்து மாவட்டத்துக்கோ மாகாணத்துக்கோ நேர்க்கோடு மிச்சமிருந்தால் அழித்துவிடுங்கள்.

படி 4: உறவின் வகை. வாடிக்கையாளர் வெள்ளவத்தையிலிருந்து நீர்கொழும்புக்குக் குடிபோகலாம், அதனால் வாடிக்கையாளர்-ஊர் உறவு ஃபிளெக்ஸிபிள் (மாறக்கூடியது). ஊர்-மாவட்டம், மாவட்டம்-மாகாணம் என்ற மற்ற இரண்டையும் ரிஜிட் (மாறாதது) ஆக்கலாம். கிளிநொச்சி 1984இல் யாழ்ப்பாண மாவட்டத்திலிருந்து பிரிந்தது போன்ற மாற்றம் அபூர்வம்தான். ஆனால் வந்தால் ப்ரொசஸ் அப்டேட் (இருக்கும் டைமென்ஷனைப் புதுப்பிக்கும் ப்ரொசஸ்) பிழை காட்டும், முழு ப்ரொசஸ் தேவைப்படும்.

படி 5: ப்ரொசஸ் செய்து டைமென்ஷனின் பிரவுசர் பகுதியில் எண்ணுங்கள். எல்லா மாவட்டத்திலும் வாடிக்கையாளர் இருந்தால் மாகாணம் 9, மாவட்டம் 25 வர வேண்டும். சரி, கடைசியாக வடக்கை விரித்து முல்லைத்தீவுக்குள் ஒரு புதுக்குடியிருப்பும், கிழக்கை விரித்து மட்டக்களப்புக்குள் இன்னொன்றும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.