நெட்டைத் திட்டும் முன்: ஸ்ட்ராட்டஜி ஆட்டத்தில் லேக், கிராஷ் பார்க்கும் முறை

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் மாதிரி ஆட்டத்தில் சண்டை சூடு பிடிக்கிற நேரம் பார்த்துத் திரை உறைந்து நின்றால், அதாவது லேக் ஆனால், முதலில் திட்டு வாங்குவது நெட் கம்பெனிதான். குன்னூரோ கோத்தகிரியோ, எங்கே கேட்டாலும் இதே கதை. மறுநாளே 50 எம்பிபிஎஸ் பிளானை 100 ஆக்குவார்கள். ஆட்டம் அப்படியேதான் திணறும். காசைக் கட்டும் முன் அரை மணி நேரம் ஒதுக்கி, கோளாறு எங்கே என்று பாருங்கள்.

இந்த வகை ஆட்டத்தில் ஒவ்வொரு சிப்பாயும் எங்கே நிற்கிறான் என்பது நெட்டில் போவதில்லை. நீங்கள் கொடுக்கிற கட்டளை மட்டும்தான் போகிறது. மிச்சத்தை ஒவ்வொருவரின் கம்ப்யூட்டரும் தானே கணக்குப் போட்டுக்கொள்ளும். 1997இல் வந்த முதல் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸை 28.8 கேபிபிஎஸ் மோடத்தில் எட்டுப் பேர் ஆட முடிந்தது இதனால்தான். ஆக, பெரிய வேகம் தேவையே இல்லை. ஆனால் எல்லாக் கம்ப்யூட்டரும் ஒரே அடியில் நடந்தாக வேண்டும். பல்லக்குத் தூக்குவது போலத்தான், ஒருவர் தடுமாறினால் எல்லோரும் நிற்க வேண்டும்.

முதலில் மவுஸை நகர்த்திப் பாருங்கள்

ஆட்டம் திணறும்போது மேப்பை இடமும் வலமும் நகர்த்துங்கள். மேப் வழுக்கிக்கொண்டு நகர்கிறது, ஆனால் ஆட்கள் மட்டும் கட்டளையைத் தாமதமாகக் கேட்கிறார்கள் என்றால் சந்தேகம் நெட் மேல். மேப்பே வெட்டி வெட்டி நகர்ந்தால் உங்கள் கம்ப்யூட்டர். மேப் நன்றாக ஓடுகிறது, ஆனால் எட்டுப் பேருக்குமே ஆட்டம் ஊர்கிறது, அதுவும் படைகள் பெருத்த பிறகு மட்டும் என்றால், யாரோ ஒருவரின் பழைய லேப்டாப் இழுக்க முடியாமல் இழுக்கிறது. ஆளுக்கு 200 என்றாலும் எட்டுப் பேருக்கு 1,600 உருப்படிகள். அடுத்த ஆட்டத்தில் பாப்புலேஷனை, அதாவது ஆளுக்கு இத்தனை உருப்படி என்ற வரம்பை, குறைத்து வையுங்கள். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 டெஃபினிட்டிவ் எடிஷனில் தரவரிசைக்கான ரேங்க் ஆட்டத்துக்கு முன், கம்ப்யூட்டரின் திறனைச் சோதிக்கும் பெஞ்ச்மார்க்கில் 1000 மதிப்பெண் கேட்பது இதற்காகத்தான்.

அடுத்து பிங்

ஒரு சிறு பாக்கெட்டை அனுப்பி, அது போய்த் திரும்ப எத்தனை மில்லிசெகண்ட் ஆகிறது என்று பார்ப்பதுதான் பிங். விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்டை இரண்டு ஜன்னலாகத் திறங்கள். ஒன்றில் ஆங்கிலத்தில் பிங் என்று அடித்து, இடம் விட்டு 192.168.1.1, மறுபடி இடம் விட்டு ஒரு சிறு கோடும் டி எழுத்தும். இது உங்கள் வீட்டு ரூட்டர். எண் வேறாக இருந்தால் பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும். இன்னொன்றில் அதே மாதிரி 8.8.8.8. இது கூகுளின் சர்வர், அதாவது வெளி உலகம். இரண்டையும் ஓடவிட்டு ஒரு ஆட்டம் ஆடுங்கள். முடிந்ததும் கண்ட்ரோல் சி அழுத்தினால் கணக்கு வரும்.

ரூட்டர் ஜன்னலில் 1, 2 மில்லிசெகண்ட் சீராக வர வேண்டும். அங்கேயே 80, 200 என்று குதித்தால் கோளாறு வீட்டுக்குள். நம் பக்கம் பழைய வீடுகளில் கருங்கல் சுவர். வைஃபை அதைத் தாண்டுவதற்குள் சோர்ந்துவிடும். 5 கிகாஹெர்ட்ஸ் இன்னும் சீக்கிரம் சோரும். கேட்-5இ லேன் வயர் ஒன்று வாங்கி ரூட்டரிலிருந்து நேராக இழுங்கள். 100 மீட்டர் வரை கவலையில்லை. என்னைக் கேட்டால், கேமிங் ரூட்டர் என்று விற்கிற எட்டுக் கொம்புப் பெட்டியை விட இந்த வயர் மேல்.

ரூட்டர் ஒழுங்கு, 8.8.8.8 மட்டும் திடீரென்று எகிறுகிறது என்றால், வீட்டில் யாராவது கல்யாண வீடியோவை அப்லோட் செய்கிறார்களா என்று பாருங்கள். அப்லோட் வரிசை நிரம்பினால் உங்கள் கட்டளை அதன் பின்னால் காத்துக் கிடக்கும். ரூட்டரில் க்யூஓஎஸ் (எதற்கு முன்னுரிமை என்று வைக்கும் வசதி) இருந்தால் போட்டு வையுங்கள், இல்லாவிட்டால் அரை மணி நேரம் பொறுக்கச் சொல்லுங்கள்.

யாரும் எதுவும் ஏற்றவில்லை, ஆனாலும் ரிக்வெஸ்ட் டைம்டு அவுட் என்று அடிக்கடி விழுகிறதா? அப்போது லைன். ஐப்பசி மழையில் சில்வர் ஓக் கிளை விழுந்து ஃபைபர் வயர் மடங்கினாலே வெளிச்சம் குறைந்துவிடும். பெட்டியில் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக எரிந்தால் லைனே இல்லை. எரியாவிட்டாலும், பிரவுசரில் ரூட்டரின் எண்ணை அடித்தால் வரும் செட்டிங்ஸ் பக்கத்தில் ஆப்டிக்கல் பவர் (வந்து சேரும் வெளிச்சத்தின் அளவு) எவ்வளவு என்று பாருங்கள். பொதுவாக -27 டிபிஎம்மைத் தாண்டி -28, -29 என்று இறங்கினால் தகராறுதான். கேபிள்காரரிடம் "நெட் ஸ்லோண்ணா" என்று சொன்னால் "மழை விடட்டும் தம்பி" என்பார். "ரூட்டர் வரைக்கும் 2தான் வருது, வெளியே பத்துக்கு ரெண்டு பாக்கெட் விழுதுண்ணா, பவர் -29 காட்டுது" என்று சொல்லிப் பாருங்கள், ஏணியோடு வருவார்.

மொபைல் ஹாட்ஸ்பாட்டில் ஆடுபவர்கள் டவர் இருக்கும் பக்கத்து ஜன்னலில் போனை வையுங்கள். நடுவில் மேடு இருந்தால் அதற்கு மேல் செய்ய ஒன்றுமில்லை.

சர்வர் தூரம்

சிங்கப்பூர் சர்வரில் 60, 70 வருகிறதே என்று பதறாதீர்கள். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் போகும். சென்னையிலிருந்து சிங்கப்பூர் போய்த் திரும்பவே 30 மில்லிசெகண்ட் ஆகும். முதல் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸைச் செய்தவர்களே 250 மில்லிசெகண்ட் வரை தாமதத்தை ஆடுபவர்கள் கவனிப்பதில்லை என்று கண்டார்கள், அது சீராக இருக்கிற வரை. 150 நிலையாக இருப்பது, 40க்கும் 300க்கும் ஊஞ்சலாடுவதை விட எவ்வளவோ தேவலை.

கிராஷ்

எப்படி விழுகிறது என்று கவனியுங்கள். கம்ப்யூட்டரே அணைந்தால் கரண்ட் அல்லது சூடு. மழை நாளில் வோல்டேஜ் ஆடும் ஊர். டெஸ்க்டாப்புக்கு ஒரு யுபிஎஸ், ரூட்டருக்கு 12 வோல்ட் மினி யுபிஎஸ் வையுங்கள். ஊட்டிக் குளிரில் லேப்டாப் எப்படிச் சூடாகும் என்று கேட்காதீர்கள். கம்பளிக்குள் உட்கார்ந்து மடியில் வைத்து ஆடினால் காற்று போகும் வழி அடைபடும். ஈரத்தில் தூசியும் ஃபேனில் அப்பிக்கொள்ளும். மேஜைக்கு மாறுங்கள், ஃபேனைத் துடையுங்கள்.

ஆட்டம் மட்டும் மூடிக்கொண்டால், மோட்களை (ஆட்டத்தை மாற்ற மற்றவர்கள் செய்த சேர்க்கைகள்) எல்லாம் அணைத்துப் பாருங்கள். அப்புறம் ஸ்டீமில் ஆட்டத்தின் பெயர்மேல் ரைட் கிளிக், ப்ராப்பர்டீஸ், இன்ஸ்டால்டு ஃபைல்ஸ், வெரிஃபை. இதிலேயே பலருக்குச் சரியாகிவிடும். ஆகாவிட்டால், விண்டோஸ் பிழைகளைக் குறித்து வைக்கும் ஈவன்ட் வியூவரில் விண்டோஸ் லாக்ஸ், அப்ளிகேஷன் போய், விழுந்த நேரத்துச் சிவப்புக் குறியைத் திறங்கள். பழுதான மாட்யூல் பெயர் என்வி என்று தொடங்கினால் என்விடியா டிரைவரைப் புதிதாகப் போடுங்கள்.

அவுட் ஆஃப் சிங்க் என்று வந்தால் அது வேறு. இரண்டு கம்ப்யூட்டரின் கணக்கு ஒத்துப்போகவில்லை. எல்லோரும் ஒரே வெர்ஷனில், ஆட்டத்தின் கணக்கை மாற்றும் டேட்டா மோட் போட்டிருந்தால் ஒரே டேட்டா மோடில் இருக்கிறீர்களா என்று, ஆட்டம் தொடங்கும் முன் கூடும் லாபியிலேயே கேட்டுவிடுங்கள்.