நிமிடத்தை எண்ணிவிட்டு ஆள் எடுங்கள்

அமெரிக்கக் கல்லூரி பாஸ்கெட்பால் அணியைக் கோச்சாக நின்று நடத்தும் கணினி ஆட்டம், அதாவது சிமுலேஷன், ஆடும் நண்பர்கள் பலர், ரெக்ரூட் பட்டியல் (அணியில் புதிதாகச் சேர்க்கக்கூடிய பையன்களின் பட்டியல்) திறந்ததும் ஐந்து நட்சத்திரப் பையன் எவன் என்றுதான் முதலில் தேடுகிறார்கள். நான் அதற்கு முன் நோட்டைத் திறப்பேன். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறைக்குக் கணக்கு எழுதுகிறேன். காலையில் எடை போட்டுக் கொடுத்த வெள்ளி, மாலையில் கொலுசும் தூளுமாகத் திரும்பி வந்து கணக்கு நேராக வேண்டும். அணியிலும் அப்படித்தான், அங்கே எடைக்குப் பதில் நிமிடம். ஆட்டம் 40 நிமிடம், களத்தில் ஐந்து பேர், மொத்தம் 200 நிமிடம். யாரை எடுத்தாலும் இந்த 200-க்குள்தான் இடம் கொடுக்க முடியும்.

நோட்டில் இடப்பக்கம் ஐந்து இடங்களையும் கீழே கீழே எழுதுங்கள். மேலே மூன்று கட்டம்: இந்த வருஷம், அடுத்த வருஷம், அதற்கடுத்தது. ஒவ்வொரு கட்டத்திலும் பெயரும் நிமிடமும். என் நோட்டில் சென்டர் (கூடைக்குப் பக்கத்தில் ஆடும் உயரமான ஆள்) வரிசையில் இந்த வருஷம் 26, 14 என்று இரண்டு பேர், இருவருமே சீனியர், அதாவது கடைசி வருஷம். அடுத்த வருஷக் கட்டம் முழுக்கக் காலி. பாயிண்ட் கார்டு (பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துபவர்) வரிசையில் இப்போது 10 நிமிடம் ஆடும் பையன் அடுத்த வருஷம் 28-க்குப் போவான், அதனால் அங்கே ஓட்டை 12 நிமிடம்தான். ஆக, பணமும் நேரமும் சென்டருக்கு. எவ்வளவு நல்ல பாயிண்ட் கார்டு கண்ணில் பட்டாலும் விட்டுவிடுவேன்.

40 நிமிட ஓட்டையை ஒரே ஆளை வைத்து அடைக்காதீர்கள். ஜூனியர் காலேஜிலிருந்து, அதாவது இரண்டு வருஷக் கல்லூரியிலிருந்து, வரும் ஒருவரை எடுங்கள். பொதுவாக அவருக்கு இரண்டு சீசன்தான் மிச்சம், ஆனால் வந்த உடனே 25 நிமிடம் தாங்குவார். கூடவே, இன்றைய மதிப்பெண் குறைவாக இருந்தாலும் வளர இடமுள்ள ஒரு ஃபிரெஷ்மேன், அதாவது முதல் வருஷப் பையன். ஜூனியர் காலேஜ் ஆள் கிளம்பும்போது இவன் தயாராக இருப்பான்.

அப்புறம் வருஷவாரியாகப் பிரிப்பது. முதல் டிவிஷன் ஆண்கள் அணிக்கு நெடுங்காலம் 13 ஸ்காலர்ஷிப்தான் இருந்தது; பல சிமுலேஷன்கள் அதையொட்டியே ஓடுகின்றன. உங்கள் ஆட்டத்தில் எத்தனை என்று பார்த்துக்கொண்டு, வருஷத்துக்கு மூன்று அல்லது நான்கு பேர் என்று நிரவி வையுங்கள். ஒரே வருஷம் ஆறு பேர் பட்டம் வாங்கிக்கொண்டு போனால் எந்தக் கோச்சாலும் ஈடுகட்ட முடியாது. தரமான ஆள் கிடைக்காவிட்டால் ஒரு இடத்தைக் காலியாகவே விடுங்கள். கிடைத்தவனைப் போட்டு அடைத்தால் நான்கு வருஷம் அந்த இடம் பூட்டிக்கிடக்கும்.

ரெக்ரூட் செலவில் தூரம் முக்கியம். கல்லூரிக்குப் பக்கத்து ஊர்ப் பையனுக்கு நேரில் போய்வரச் செலவு குறைவு. எட்டுப் பேருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவாமல் மூன்று பேர்மேல் முழுசாக இறங்குங்கள். ஒவ்வொருவருக்கும் மாற்றாக இன்னொரு ஆளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

வரிசை அமைப்பதில் எனக்கும் ஏற்காட்டில் காபித் தோட்டத்தில் இருக்கும் அத்தை மகனுக்கும் தீராத வாதம். அவன் பிரஸ், அதாவது களம் முழுக்க எதிராளியைத் துரத்தி நெருக்கும் தடுப்பாட்டத்தின் பிரியன். "மச்சான், பத்துப் பேர், ஆளுக்கு 20 நிமிடம், எதிராளிக்கு மூச்சு முட்டும்" என்பான். பத்துப் பேரும் சமமாக இருந்தால் அவன் சொல்வது சரி. பிரஸ் நம் ஆளையும் களைக்க வைக்கும், ஃபவுலும் கூடும்; ஐந்து ஃபவுல் ஆனால் ஆள் வெளியே. எட்டுப் பேர்தான் தேறுவார்கள் என்றால் ஜோன் (ஆளுக்கு ஒரு பகுதி என்று நின்று தடுப்பது) ஆடுங்கள்: முதல் ஐவருக்கு ஆளுக்கு 30, மீதி 50 நிமிடம் மூவருக்கு.

மொத்த மதிப்பெண்ணை மட்டும் பார்த்து ஐவரை இறக்க வேண்டாம். சென்டருக்குப் பந்து கையாளும் திறன் 70 இருந்து என்ன பயன்? அவரிடம் பார்க்க வேண்டியது ரீபவுண்டும் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது) கூடைக்கு அருகே தடுக்கும் உள்தடுப்பும். பாயிண்ட் கார்டைத் தவிர இன்னொருவருக்கும் பந்து கையில் நிற்க வேண்டும், இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. பிரஸ் ஆடும் அணி முன்னால் நின்றால் அந்த இரண்டாவது ஆள்தான் காப்பாற்றுவார்.

கடைசி இரண்டு நிமிடத்துக்குத் தனி வரிசை வைக்க உங்கள் ஆட்டம் இடம் கொடுத்தால் அவசியம் வையுங்கள். கல்லூரி ஆண்கள் பாஸ்கெட்பால் விதிப்படி, ஒரு பாதியில் எதிரணியின் ஏழாவது ஃபவுலிலிருந்து முதல் ஃப்ரீ த்ரோ (யாரும் தடுக்காமல் எறியும் வாய்ப்பு) விழுந்தால்தான் இரண்டாவது கிடைக்கும். பத்தாவதிலிருந்து நேராக இரண்டு. நீங்கள் முன்னிலையில் இருக்கும்போது எதிரணி தேடிப்பிடித்து ஃபவுல் செய்வது ஃப்ரீ த்ரோ தடுமாறும் ஆளைத்தான். அவர் எவ்வளவு உயரமானவராக இருந்தாலும் அந்த நேரத்தில் பெஞ்சில் உட்கார வையுங்கள்.